இஞ்சித் தைலம் தேய்த்த கை

அந்தத் தெருவில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. சோபாக்காரர் என்றால்தான் தெரியும். கிழிந்த சோபாவும் குழிவிழுந்த நாற்காலியும் அவர் கடைக்கு வந்து, பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டுப் புதுத் துணி உடுத்திக்கொண்டு திரும்பிப் போகும். மரச்சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிக்கிற வேலை. இழுவை கொஞ்சம் தளர்ந்தாலும் ஒரே மாதத்தில் சுருக்கம் விழுந்துவிடும். இழுத்து இழுத்தே அவர் விரல்கள் இரும்புக் கொக்கி மாதிரி ஆகிவிட்டிருந்தன. பாட்டில் மூடி திறக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைக்காரர்கள் அவரிடம்தான் கொண்டு வருவார்கள்.

கைதான் இரும்பு, ஆள் பஞ்சு. எதிராளி குரலை உயர்த்தினால் இவர் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். "உங்க வீட்டுக்காரர் பேசுறதவிட அவர் சுத்தியல் பேசுறதுதான் ஜாஸ்தி" என்று அவர் மனைவியைத் தெருவே கேலி செய்யும்.

மனைவி இரண்டு தெரு தள்ளி ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. அதில் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. படி இறங்கும்போது உள்ளே யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி சத்தம் கேட்கும். போதாக்குறைக்குப் போன வருடம் ஒரு காய்ச்சலில் வாரக்கணக்காகப் படுத்துக் கிடந்தபோது இடது கெண்டைக்காலில் ரத்தம் கட்டிக்கொண்டது. அதற்காக ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை தினமும் சாப்பிட்டு வந்தாள். மாதம் ஒருமுறை போய் ரத்தம் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். முழங்கால் வலிக்கும் மாத்திரை எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொன்னபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "வேணாங்க டாக்டர். இப்பவே நடந்தா வயித்துக்குள்ள மாத்திரை குலுங்குது."

இஞ்சி அப்படித்தான் வீட்டுக்குள் மருந்தாக நுழைந்தது.

முதலில் காலையில் ஒரு டம்ளர் இஞ்சி டீ. கால் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. ஒன்று நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லதுதானே? இஞ்சியைத் தட்டிச் சுண்டக் காய்ச்சிய கஷாயமாக அது மூன்று வேளைக்கு வளர்ந்தது. குடிக்கும்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்த்து, "இஞ்சி தின்ன குரங்குன்னு சும்மா கேள்விப்பட்டிருக்கேன், இப்பத்தான் நேர்ல பாக்குறேன்" என்பார் சோபாக்காரர். "அந்தக் குரங்குக்குத் தாலி கட்டினது யாரு?" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

அவரும் தன் பங்குக்கு, எண்ணெயில் இஞ்சியைப் போட்டுக் காய்ச்சி ஒரு தைலம் செய்தார். சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வந்ததும் அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு முழங்காலிலிருந்து கணுக்கால் வரை நீவிவிடுவார். அவள் அப்படியே கண்ணை மூடிவிடுவாள். நாற்காலியிலிருந்து எழ முடியாதபோது மேல்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். இதெல்லாம் அவர்களுக்குள் பேசிக்கொள்ளாமலே நடக்கிற காரியங்கள்.

இந்த இஞ்சி வைத்தியத்தில் மூன்றாவது ஆள் அவளுடைய அண்ணன். பேருந்து ஓட்டுநர். தங்கச்சி என்றால் உயிர். முதுகுவலிக்காக அவர் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் 'இஞ்சிச் சத்து' என்று எழுதிய மாத்திரைக் குப்பி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கைக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். "சுத்த இயற்கை. பக்கவிளைவே கிடையாது. நம்ம இஞ்சிதானே, இதுல என்ன வந்துடப் போவுது?" என்றார். அவள் குப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டோடு இரண்டிரண்டாக விழுங்கினாள். கணவரிடம் மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. டாக்டரிடம் சொல்லும் பேச்சே இல்லை. சமையல் சாமானை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? அந்தச் சமயம் பார்த்து ஓட்டல்காரர்களின் விரிப்புகள் மலைபோல வந்து குவிந்ததில், மாதாந்திர ரத்தச் சோதனைக்கும் அவள் போகவில்லை. கால் வலி குறைந்திருந்தது. வேறென்ன வேண்டும்?

பிறகுதான் அந்த நீலத் தடங்கள் வந்தன.

முதலில் பார்த்தது சலவைக் கடை முதலாளியம்மா. இஸ்திரி அனலில் வியர்த்து இவள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டியபோது, மேல்கையில் நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி நான்கு திட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. குனிந்து விரிப்பை எடுத்தபோது கெண்டைக்காலிலும் அதே கதை.

"என்ன இது?"

இவள் அப்போதுதான் கவனித்தவள்போல் பார்த்தாள். "அட, எங்கயோ இடிச்சிக்கிட்டிருப்பேன்."

"கால்ல?"

"அதுவும் எங்கயாவது இடிச்சிருக்கும்மா. கூடைய தூக்கிட்டுப் போறேன்ல."

முதலாளியம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று மதியம் அண்ணன்காரர் தன் சீருடையை வாங்கிப் போக வந்தபோது, அவரைத் தனியே உள்ளே கூப்பிட்டார்.

சோபாக்காரர் அந்த நேரத்தில் ஒரு பெரிய கைநாற்காலிக்குப் பச்சைத் துணி இழுத்துக்கொண்டிருந்தார். வாயில் ஏழெட்டு ஆணிகள். நாற்காலிக்குச் சொந்தக்காரியான அம்மாள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் சீருடையோடு உள்ளே வந்ததைப் பார்த்ததும், ஆணியைத் துப்பிவிட்டு, "வாங்க மச்சான், இன்னிக்கு வண்டி சீக்கிரம் முடிஞ்சிருச்சா?" என்றார்.

மச்சான் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கித் தூரமாக வைத்தார்.

"என் தங்கச்சி மேல கை வச்சியா நீ?"

முதலில் சோபாக்காரர் காதில் விழுந்தது அந்த 'நீ'தான். கல்யாணமான நாளிலிருந்து மச்சான் அவரை 'நீங்க' என்றுதான் சொல்வார். குடித்திருந்தபோதுகூட 'மாப்ள, நீங்க' என்றுதான் உளறுவார். அந்த 'நீ' உள்ளே போய் இறங்கிய பிறகுதான் மற்ற சொற்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன.

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"நாலு விரலும் பதிஞ்சிருக்குடா. நான் கண்ணால பாத்துட்டு வரேன். கையில, கால்ல. கேட்டா இடிச்சிக்கிட்டேன்னு சொல்றா. அவ அப்படித்தான் சொல்லுவா. இத்தனை வருஷம் பூனை மாதிரி இருந்தது இதுக்குத்தானா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். சோபாக்காரருக்கு அது வரவில்லை. நாற்காலிக்கார அம்மாள் ஓரடி பின்னால் போய்த் தன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதை அவர் பார்த்தார். அந்த அம்மாளின் பார்வை தன் முகத்தில் இல்லை, தன் கையில் இருக்கிறது என்பதையும் பார்த்தார்.

"பேசு," என்றார் மச்சான்.

"நான்... அவளக் கேளுங்க."

"கேட்டுட்டுத்தான் வரேன்." மச்சான் வாசலுக்குப் போய்த் திரும்பினார். "உன் மகளுக்கும் சொல்லிட்டேன். அவளுக்கு நீ பதில் சொல்லு."

நாற்காலியை அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாளும் போய்விட்டார். பாதி இழுத்த பச்சைத் துணி ஒரு பக்கமாகத் தொங்கியது. அதைப் பார்த்தபடி சோபாக்காரர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ, போன் அடித்தது. மகள். வேறு ஊரில் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவள். பயணிகளிடம் பேசிப் பேசி அவள் குரல் எப்போதும் சிரித்த மாதிரியே இருக்கும். இப்போது அந்தக் குரல் இல்லை.

"அப்பா, ஒண்ணு கேக்குறேன். நேரா பதில் சொல்லுங்க. அம்மாவ அடிச்சீங்களா?"

பெற்ற பிள்ளை. இவர் தோளில் தூங்கி, இவர் விரலைப் பிடித்து நடந்த பிள்ளை. சோபாக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, அது வேறு யாருடைய போனோ என்பதுபோல் ஒருமுறை பார்த்தார்.

"இல்லம்மா," என்றார். அவ்வளவுதான் வந்தது.

"சரி. நான் காலையில வரேன்," என்றாள் மகள். நம்பினேன் என்றும் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தன்னை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்ததையும், தான் வர மறுத்ததையும், கடையில் எல்லோரும் தன்னை ஒரு மாதிரி பரிதாபமாகப் பார்த்ததையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு முதல்ல. உங்களப் போய். ஒரு கரப்பான்பூச்சிய அடிக்கச் சொன்னா செருப்ப என்கிட்ட கொடுக்குற ஆளு."

அவர் சிரிக்கவில்லை. "காட்டு," என்றார்.

"என்னத்த?"

"கைய காட்டு. கால காட்டு."

விளக்கைப் போட்டு அவள் சட்டைக் கையைத் தூக்கினாள். அவர் பார்த்தார். தைலம் தேய்க்கும் சாயங்கால மங்கலில் அவர் இதுவரை கவனிக்கவே இல்லை. நான்கு திட்டுகள், எதிர்ப்பக்கம் ஒன்று. தயங்கித் தயங்கித் தன் வலது கையை அதன்மேல், தொடாமல், ஒரு நூல் உயரத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் கட்டைவிரலிடத்தில் நின்றது. மற்ற நான்கும் தத்தம் இடத்தில் நின்றன. அளவெடுத்துத் தைத்த உறை மாதிரி.

கெண்டைக்காலுக்குப் போனார். அங்கேயும் அவர் கைதான்.

"இது என் கைதான்," என்றார். "மச்சான் சொன்னது சரி. என் கைதான் இது."

"ஏங்க, தைலம் தேய்ச்சதுங்க. தூக்கிவிட்டதுங்க. என்ன பேச்சு இது?"

"அவ்வளவு அழுத்தியா தேய்ச்சேன்?"

"பூ மாதிரிதான் தேய்ச்சீங்க. வலிச்சா சொல்லமாட்டேனா நான்?"

"பூ மாதிரி தேய்ச்சா இப்படியா ஆவும்?"

அன்று அவர் தைலப் புட்டியைத் தொடவில்லை. அவள் நாற்காலியிலிருந்து எழத் தடுமாறியபோதுகூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தன் கைக்குத் தெரியாமல் தன் கை ஏதோ செய்திருக்கிறது என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

காலையில் அவள் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. துப்பினாள். மறுபடி வந்தது. வாய் கொப்பளித்துவிட்டு முகம் துடைத்தபோது மூக்கிலிருந்தும் வழிய ஆரம்பித்தது. தலையை அண்ணாந்தாள், தொண்டைக்குள் இறங்கியது. குனிந்தாள், துண்டு நனைந்தது. ஒரு துண்டு முடிந்து இன்னொன்று. சோபாக்காரர் ஓடிவந்து ஒரு கையால் அவள் பிடரியைத் தாங்கி, மறுகையால் மூக்கை அழுத்திப் பிடித்தார். வெள்ளைத் தொட்டியெல்லாம் சிவப்பு. அவர் பனியனெல்லாம் சிவப்பு.

அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான் வாசல் கதவு திறந்தது. ரயிலிலிருந்து நேராக வந்த மகளும், அவளை அழைத்துவந்த மச்சானும் குளியலறை வாசலில் வந்து நின்றார்கள்.

அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதைச் சோபாக்காரர் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தார். தொட்டியின்மேல் குனிந்த தாய். அவள் கழுத்தைப் பிடித்திருக்கும் தகப்பனின் கை. ரத்தம். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் நினைத்திருப்பேன் என்று அவருக்கே தோன்றும். ஆனால் அந்த நொடியில் அவர் கேட்டது மகளின் குரலை மட்டும்தான். அலறல் இல்லை. மெல்லிய, வறண்ட குரல்.

"அம்மாவ விடுங்கப்பா."

அவர் விட்டார். மூக்கை அழுத்தியிருந்த கை போனதும் ரத்தம் இன்னும் வேகமாக வந்தது. மச்சான் அவர் பனியனைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். மனைவி துண்டுக்குள்ளிருந்து ஏதோ கத்தினாள். என்ன சொன்னாள் என்று யாருக்கும் விளங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவர்கள் மூவரும் வாடகைக் காரில் போனார்கள். அவரை ஏறச் சொல்லவில்லை. சோபா ஏற்றுகிற தன் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். சட்டை மாற்ற வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ரத்தக்கறைப் பனியனோடு அவசரப் பிரிவுக்குள் நுழைந்தவரின் பக்கத்தில் காவலாளி ஒருவர் வந்து நின்று, "நீங்க இங்கேயே உக்காருங்க சார்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அப்புறம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

உள்ளே இருந்தது ஒரு இளம்வயது டாக்டரம்மா. மூக்கில் பஞ்சு திணித்து ரத்தத்தை ஓரளவு கட்டுப்படுத்திவிட்டு, கையிலும் காலிலும் இருந்த தடங்களைப் பார்த்தார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துவிட்டார். திரைக்கு வெளியே எல்லாமே கேட்டது.

"அம்மா, பயப்படாம சொல்லுங்க. வீட்ல உங்கள யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்லங்க."

"நீங்க சொல்றது இந்தத் திரையத் தாண்டாது."

"தாண்டட்டுமே. இல்லைன்னுதானே சொல்றேன்."

"அப்ப இதெல்லாம் எப்படி வந்துச்சு?"

"அதத்தாங்க நானும் கேக்குறேன். நீங்கதானே டாக்டர்."

வராந்தா பெஞ்சில் ஒரு கோடியில் சோபாக்காரர், மறுகோடியில் மச்சான், நடுவில் மகள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த நிலையில்தான் ரத்தச் சோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாங்களே, அதை ரெண்டு மடங்கா ஏதாவது போட்டுட்டாங்களா?"

"இல்லங்க. நான்தான் தினமும் எடுத்துக் கொடுக்குறேன். ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் சோபாக்காரர்.

"ரத்தம் உறையிறதுக்கு ஒரு அளவு இருக்கு. இவங்களுக்கு அது ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கணும். இப்ப எட்டத் தாண்டிருச்சு. இந்த நிலையில விரல் பட்டாலே தடம் விழும். மூக்குல வந்ததோட நின்னுச்சு. தலைக்குள்ள வந்திருந்தா நாம இங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்க மாட்டோம்." ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "வேற ஏதாவது சாப்பிடுறாங்களா? நாட்டு மருந்து, பொடி, டானிக், எதுவா இருந்தாலும் சரி."

"இஞ்சி," என்றார் சோபாக்காரர். "மூட்டு வலிக்கு. கஷாயம் வச்சுக் குடிப்பா."

"எவ்வளவு?"

அவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "இவ்வளவு பெரிய துண்டு. மூணு வேளை. அப்புறம் தைலம் போட்டு நான் நீவிவிடுவேன்."

"எந்த இடத்துல?"

"முழங்கால். கெண்டைக்கால்."

டாக்டரம்மா கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "ரத்தம் கட்டுன கெண்டைக்கால. சரி. இது மட்டும்தானா?"

மகள் எழுந்து உள்ளே போய் அம்மாவின் கைப்பையை எடுத்து வந்தாள். சீப்பு, சாவி, கைக்குட்டைக்கு அடியிலிருந்து அந்தக் குப்பி வந்தது. பாதிக்குமேல் காலி.

"இது எங்க வாங்குனது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சோபாக்காரருக்கு அந்தக் குப்பி புதிது. அவர் உதட்டைப் பிதுக்கினார். மகளுக்கும் தெரியவில்லை. பெஞ்சின் மறுகோடியில் மச்சான் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். சீருடையின் மேல்பித்தானைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான்தாங்க வாங்கிக் கொடுத்தேன்," என்றார். "இயற்கைன்னு சொன்னாங்க."

டாக்டரம்மா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சமையல்ல போடுற இஞ்சி யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா சத்தைச் சுண்ட வச்சு, அளவு தெரியாம, அதுவும் இந்த மாத்திரையோட சேத்துச் சாப்பிட்டா, ரத்தத்த இன்னும் நீர்த்துப் போக வைக்கலாம். இஞ்சி ஒண்ணுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசமா சோதனைக்கும் வரல. இந்தக் குப்பிக்குள்ள இஞ்சியோட வேற எந்த வலி மாத்திரையக் கலந்திருக்கான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். எல்லாம் கூடி இங்க கொண்டுவந்து விட்டிருக்கு." பிறகு காவலாளியைப் பார்த்து, "நீங்க போகலாம்," என்றார். காவலாளி சோபாக்காரருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். அந்த வணக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரியவில்லை.

மச்சான் வெளுத்துப் போயிருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "டாக்டர், நானும் அதைத்தான் சாப்பிடுறேன். முதுகுக்கு," என்றார்.

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"சர்க்கரைக்கு. அப்புறம் பிரஷருக்கு."

"பஸ் ஓட்டுறவரு. மாத்திரையோட இதுவும் சேந்து சர்க்கரை திடீர்னு இறங்கி ஸ்டியரிங்ல மயங்கி விழுந்திருந்தா?" டாக்டரம்மா நர்சைக் கூப்பிட்டார். "இவருக்கும் ரத்தம் எடுங்க."

அன்று மாலைக்குள் ஊசி மருந்து வேலை செய்யத் தொடங்கி ரத்தம் நின்றது. ஆனாலும் அவளைக் கண்காணிப்பில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் சலவைக் கடை முதலாளியம்மா ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டபின், வராந்தாவில் நின்றிருந்த சோபாக்காரரிடம் வந்தார்.

"உங்க மேல பழி விழுந்தது என்னாலதான். அதுக்கு வருத்தப்படுறேன். ஆனா சொல்லியிருக்கக் கூடாதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியல. எங்க அக்கா வருஷக்கணக்கா இடிச்சிக்கிட்டேன், இடிச்சிக்கிட்டேன்னுதான் சொன்னா. நாங்களும் சரி சரின்னு கேட்டுக்கிட்டோம். இப்ப அவ இல்ல."

"நல்ல வேளை சொன்னீங்க," என்றார் சோபாக்காரர். "நீங்க சொல்லலன்னா மக வந்திருக்க மாட்டா. மூக்குல ரத்தம் வந்தப்ப, நானா இருந்தா ஐஸ் வச்சுக்கிட்டு வீட்லயே உக்காந்திருப்பேன்." அவர் மனசாரத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மாள் கைகுலுக்கக் கை நீட்டியபோது, தன் கையை நீட்டுவதற்கு முன் அவர் ஒரு கணம் யோசித்தார்.

மகள் அன்று பகல் முழுக்க அப்பாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கி வந்தாள். சட்டை வாங்கி வந்தாள். கடைசியில், "அப்பா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"கேட்டது சரிதாம்மா. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னாலும் யாராவது கேக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "விடுங்கப்பான்னு சொன்னியே, அதுதான் காதுலயே நிக்குது," என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. காலில் முள் தைத்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சொன்னார். மகள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் அந்தக் கையை அசைக்காமல் வைத்திருந்தார்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா நால்வரையும் நிற்கவைத்துப் பேசினார். இஞ்சி சாப்பாட்டில் வழக்கமாக எவ்வளவு சேருமோ அவ்வளவு போதும். கஷாயம், சத்துக் குப்பி எதுவும் வேண்டாம். தைலம் வேண்டுமானால் முழங்காலில் மட்டும் மேலோட்டமாகத் தடவலாம், அதுவும் கைத்தோலில் கொஞ்சம் பூசி எரிச்சல் இல்லையென்று பார்த்த பிறகு. கெண்டைக்காலைப் பிசையவே கூடாது, கட்டின ரத்தம் நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். "இயற்கையோ செயற்கையோ, வாய்க்குள்ள போறது எதுவா இருந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. இஞ்சிதானேன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க." முழங்காலுக்குச் சில பயிற்சிகளையும் காட்டிக்கொடுத்து, நாள் முழுக்க நிற்கக் கூடாது என்றார். அடுத்த வாரமே சோபாக்காரர் உயரமான ஒரு முக்காலிக்குத் தடிப் பஞ்சு வைத்துத் தைத்துக் கொண்டுபோய் இஸ்திரி மேஜைக்குப் பின்னால் வைத்தார். முதலாளியம்மா இன்னும் மூன்று செய்யச் சொன்னார்.

மச்சான் மட்டும் வீட்டுப் பக்கம் வரவில்லை. சோபாக்காரர் முகத்தில் விழிக்கக் கூச்சம் என்று எல்லோரும் நினைத்தார்கள். சோபாக்காரரே ஒரு நாள் பேருந்து நிலையத்துக்குப் போய், "வாங்க மச்சான், நடந்தது நடந்துபோச்சு," என்று கையோடு அழைத்து வந்தார். வந்தவர் வாசற்படியில் நின்றபடியே, "மாப்ள, நீங்க என்னை மன்னிக்கணும்," என்று தொடங்கினார்.

"அவர்கிட்ட அப்புறம் கேட்டுக்கலாம்," என்று உள்ளேயிருந்து அவர் தங்கையின் குரல் வந்தது. "முதல்ல என்கிட்ட வா."

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அவள் கோபம் யார் மேல் என்று யாருமே கேட்கவில்லை.

"எல்லாரும் அவர் கைய சந்தேகப்பட்டீங்க, அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்னு இப்ப ஆளாளுக்கு உருகுறீங்க. என்னை யாராவது நினைச்சீங்களா? கடையில கேட்டாங்க, இடிச்சிருக்கும்னேன். நீ கேட்ட, இல்லன்னேன். டாக்டர் கேட்டாங்க, இல்லன்னேன். ஒருத்தரும் நம்பல. என் உடம்புல நடந்தது எனக்குத் தெரியாதா? நான் என்ன ஊமையா, இல்ல பைத்தியமா? தூக்கத்துல நினைச்சாலும் திடுக்குனு முழிச்சிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல, எதிர்ல நிக்கிற அத்தனை பேர் முகத்துலயும், பாவம், பொய் சொல்றான்னு எழுதியிருந்துச்சு."

இது சோபாக்காரருக்கும் புதிதாக விழுந்த அடி. காட்டு என்று சொன்னதும், அளந்து பார்த்ததும், பூ மாதிரி தேய்த்தால் இப்படியா ஆகும் என்று கேட்டதும் அவர்தானே.

"இனிமே நீ சொன்னா நம்புறேன்," என்றார் அண்ணன், தரையைப் பார்த்து.

"என்ன சொன்னாலும்?"

"என்ன சொன்னாலும்."

"உன் சட்டைப் பித்தான ஒண்ணு மாத்திப் போட்டிருக்க."

அண்ணன் சட்டென்று குனிந்து பார்த்தார். பித்தான்கள் எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன.

"பாத்தியா?" என்றாள் அவள். "குனிஞ்சு பாக்குற."

முதலில் சிரித்தது சோபாக்காரர்தான். அவளும் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, "உக்காரு, டீ போடச் சொல்றேன்," என்றாள்.

"சொல்றதா? யார்கிட்ட?" என்றார் சோபாக்காரர்.

"உங்ககிட்டதான்."

அவர் அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே அண்ணனும் எழுந்து போய், டம்ளர் எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.